சின்ன ஊருக்குப் பெரிய ஆட்டக்காரர் வருவாரா?

2025 ஜூனில் என்பிஏ இறுதித் தொடர் ஓக்லஹோமா சிட்டிக்கும் இண்டியானாபொலிஸுக்கும் இடையே நடந்தது. நியூயார்க், லாஸ் ஏஞ்சலிஸ், சிகாகோ, பாஸ்டன் எதுவும் களத்தில் இல்லை. தொடர் ஏழு ஆட்டங்கள் வரை நீண்டு, கடைசி ஆட்டத்தில் ஓக்லஹோமா சிட்டி தண்டர் கோப்பையைக் கைப்பற்றியது. அமெரிக்கக் கூடைப்பந்தில் ‘சின்னச் சந்தை’ என்று பெயர் வாங்கிய இரண்டு ஊர்கள் உச்சத்தில் மோதியதைப் பார்த்தால், பெருநகரங்களின் காலம் முடிந்தது என்று கொண்டாடத் தோன்றும். அதற்கு முன், அந்த ஆட்டக்காரர்கள் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார்கள் என்று பார்த்துவிடுவது நல்லது.

ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், அலெக்ஸ் கரூசோ, டைரீஸ் ஹாலிபர்ட்டன், பாஸ்கல் சியாகம் ஆகியோர் வேறு அணிகளிடமிருந்து பரிமாற்றத்தில் வந்தவர்கள். சேட் ஹோம்கிரென், ஜேலன் வில்லியம்ஸ், மைல்ஸ் டர்னர், ஆண்ட்ரூ நெம்பார்ட் ஆகியோரை அவரவர் அணிகளே டிராஃப்ட் எனப்படும் புதுமுகத் தேர்வில் எடுத்து வளர்த்தன. லூ டார்ட்டை டிராஃப்டில் யாருமே எடுக்கவில்லை. தண்டர் அவரை ஓரத்திலிருந்து அழைத்துவந்து ஆளாக்கியது. ஒப்பந்தம் முடிந்து, எந்த அணிக்கும் போகலாம் என்ற சுதந்திரத்தோடு நின்ற ஒருவரைப் பெரிய தொகை கொடுத்து அழைத்து வந்தது என்றால், அது ஐசேயா ஹார்ட்டன்ஸ்டைன் ஒருவரைத்தான். 2024 கோடையில் நியூயார்க் நிக்ஸிலிருந்து மூன்றாண்டுகளுக்கு 8.7 கோடி டாலர் ஒப்பந்தத்தில் அவர் ஓக்லஹோமாவுக்கு வந்தார். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் ஆல்-ஸ்டார் அல்லர்.

ஃப்ரீ ஏஜென்ட் என்று அழைக்கப்படும் இந்தச் சுதந்திர ஆட்டக்காரர்களில் முதல் தரத்தில் இருப்பவரைச் சின்ன ஊரின் அணி ஈர்க்க முடியுமா என்பது என்பிஏவில் பல காலமாக ஓடும் விவாதம். பணம் போதாது என்பது ஒரு கட்சி. நல்ல நிர்வாகம் இருந்தால் யாரும் வருவார்கள் என்பது இன்னொரு கட்சி. நடந்ததைப் பார்த்தால் இரண்டுமே பாதி உண்மைதான்.

முதலில் ‘சின்ன’ என்பதை எதை வைத்து அளக்கிறார்கள்? மக்கள்தொகையை வைத்து என்றால் கணக்கு இடிக்கும். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி டெக்சஸின் சான் அன்டோனியோவில் 14 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். நாட்டின் ஏழாவது பெரிய நகரம் அது. பாஸ்டன் நகர எல்லைக்குள் இருந்தவர்கள் 7 லட்சத்துக்கும் குறைவு. மயாமியில் நாலரை லட்சம்கூட இல்லை. ஆனாலும் சின்னச் சந்தை என்று பெயர் சான் அன்டோனியோவுக்குத்தான். நகரைச் சுற்றியுள்ள வட்டாரத்தில் எத்தனை வீடுகளில் தொலைக்காட்சி ஓடுகிறது, எத்தனை பெருநிறுவனங்களின் தலைமையகம் இருக்கிறது என்பதே அளவுகோல். அதில் பாஸ்டன் முதல் பத்துக்குள் இருக்கிறது. சான் அன்டோனியோ முப்பதாம் இடத்தை ஒட்டி நிற்கிறது. லாஸ் ஏஞ்சலிஸின் லேக்கர்ஸ் அணி 2012-ல் தொடங்கிய 20 ஆண்டு உள்ளூர் ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 300 கோடி டாலரைத் தாண்டும் என்று கணிக்கப்பட்டது. மெம்ஃபிஸோ ஓக்லஹோமாவோ அப்படியொரு தொகையை நினைத்துப் பார்க்க முடியாது.

தேசிய ஒளிபரப்பு வருமானம் வேறு வகை. அது 30 அணிகளுக்கும் சரிசமமாகப் பிரிகிறது. 2025-26 பருவத்தில் தொடங்கிய புதிய ஒப்பந்தம் 11 ஆண்டுகளுக்குச் சுமார் 7,600 கோடி டாலர். எனவே நட்சத்திரம் ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கச் சின்ன ஊரால் முடியாது என்பது இப்போது உண்மை இல்லை. கொடுக்க முடியும். அடுத்தவரைவிட அதிகமாகக் கொடுக்கத்தான் விதி விடாது.

சிக்கலின் மையம் இந்த விதியில் இருக்கிறது. ஆஸ்கர் ராபர்ட்சன் தலைமையில் ஆட்டக்காரர்கள் 1970-ல் தொடுத்த வழக்கு 1976-ல் சமரசத்தில் முடியும்வரை, ஓர் அணியில் சேர்ந்தவர் அந்த அணியின் சொத்து மாதிரிதான். முழுச் சுதந்திரம் 1988-ல்தான் கிடைத்தது. அந்தக் கோடையில் சியாட்டிலிலிருந்து ஃபீனிக்ஸுக்குப் போன டாம் சேம்பர்ஸ்தான் அப்படிப் போன முதல் ஆட்டக்காரர். அடுத்த பத்தாண்டுகளில் அணியின் மொத்தச் செலவுக்கு ஒரு வரம்பு இருந்தது; தனி மனிதரின் சம்பளத்துக்கு வரம்பில்லை. மைக்கேல் ஜோர்டன் 1997-98 பருவத்தில் வாங்கிய 3.3 கோடி டாலர், ஓர் அணி முழுவதற்கும் விதிக்கப்பட்ட சம்பள வரம்பைவிட அதிகம். அதே ஆண்டில் மினசோட்டா அணி, 21 வயது இளைஞரான கெவின் கார்னெட்டுக்கு ஆறாண்டுகளுக்கு 12.6 கோடி டாலர் கொடுத்துத் தன்னிடமே வைத்துக்கொண்டது. குளிர் மிகுந்த ஊரானாலும், கேட்டதற்கு மேல் கொடுத்தால் நட்சத்திரம் தங்குவார் என்று அது காட்டியது.

அந்த ஒப்பந்தத்தைக் கண்டு உரிமையாளர்கள் மிரண்டார்கள். 1998-99-ல் கதவடைப்பு வந்தது; பருவம் 50 ஆட்டங்களாகச் சுருங்கியது; முடிவில் தனிநபர் சம்பளத்துக்கும் உச்சவரம்பு விதிக்கப்பட்டது. இன்றைய நிலையில் அனுபவ ஆண்டுகளைப் பொறுத்து, அணியின் சம்பள வரம்பில் 25, 30 அல்லது 35 சதவீதம்தான் ஒருவருக்குக் கொடுக்கலாம். சின்ன ஊர்களைக் காப்பாற்றப் போட்ட வேலி என்று இதைச் சொல்வதுண்டு. உண்மையில் இதில் அதிகம் அடிபட்டவை சின்ன ஊர்களே. உலகின் மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கு லாஸ் ஏஞ்சலிஸும் ஓக்லஹோமாவும் ஒரே விலைதான் சொல்ல முடியும் என்றால், அவர் கடற்கரையையும் நண்பர்களையும் ஜெயிக்கும் வாய்ப்பையும் பார்த்துத்தான் முடிவெடுப்பார். ஊரின் குறையைக் காசால் ஈடுகட்டும் ஒரே வழியை விதி அடைத்துவிட்டது.

அதையும் மீறிச் சின்ன ஊருக்கு வந்த முதல்தர ஆட்டக்காரர்கள் உண்டு. அவர்களை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை கண்ணில் படுகிறது. 2000-ல் ஆர்லாண்டோ அணி கிராண்ட் ஹில், டிரேசி மெக்ரேடி, டிம் டங்கன் மூவரையும் ஒரே கோடையில் சேர்க்கப் பார்த்தது. முதல் இருவர் வந்தார்கள். டங்கன் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு சான் அன்டோனியோவிலேயே இருந்துவிட்டார். அந்த மெக்ரேடி ஆர்லாண்டோவுக்குப் பக்கத்தில் ஆபர்ன்டேலில் வளர்ந்தவர். 2014-ல் லெப்ரான் ஜேம்ஸ் மயாமியை விட்டு கிளீவ்லாண்டுக்குத் திரும்பினார். அவர் பிறந்த ஆக்ரன் அங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. 2015-ல் போர்ட்லாண்டை விட்டு சான் அன்டோனியோ வந்த லமார்கஸ் ஆல்ட்ரிட்ஜ் டாலஸ்காரர். டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் ஆடியவர். மூவருக்கும் அது வீடு திரும்பும் பயணம். சொந்த மண்ணின் இழுப்பு என்பது எந்த நிர்வாகமும் வாங்கிவைக்கக்கூடிய பொருள் அன்று. ஓக்லஹோமாவுக்கோ மெம்ஃபிஸுக்கோ அந்த அதிர்ஷ்டம் எத்தனை தலைமுறைக்கு ஒருமுறை வரும்?

ஆல்ட்ரிட்ஜ் வந்த கதையில் இழுப்பு மட்டும் வேலை செய்யவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சான் அன்டோனியோ அதற்கு ஓராண்டாகத் தயாரானது. கவாய் லெனார்டின் ஒப்பந்த நீட்டிப்பை 2014-ல் தள்ளிப்போட்டதால், அவர் கணக்கில் குறைந்த தொகையே பதிவாகி, வரம்புக்குள் இடம் மிஞ்சியது. தியாகோ ஸ்ப்ளிட்டரை அட்லாண்டாவுக்கு அனுப்பினார்கள். ஐந்து கோப்பைகளையும் ஏற்கெனவே வென்று முடித்திருந்த டங்கன், தன் சம்பளத்தில் ஏறத்தாழ பாதியை விட்டுக்கொடுத்தார். அதே கோடையில் ஆல்ட்ரிட்ஜைச் சந்தித்த லேக்கர்ஸ் குழு, ஆட்டத்தைவிட விளம்பர வருமானத்தையும் ஹாலிவுட்டையும் பற்றியே அதிகம் பேசி அவரை இழந்தது என்று செய்திகள் வந்தன. அடுத்த பருவத்தில் சான் அன்டோனியோ 67 ஆட்டங்களில் வென்றது. ஆனாலும் இரண்டாம் சுற்றிலேயே வெளியேறியது. 2017-ல் ஆல்ட்ரிட்ஜ் தன்னை வேறு அணிக்கு அனுப்பும்படி கேட்டார். பயிற்சியாளர் கிரெக் போப்போவிச் அவரோடு உட்கார்ந்து பேசி, அவரைப் பயன்படுத்திய விதத்தில் தன் பிழையை ஒப்புக்கொண்டு தங்கவைத்தார்.

வீட்டு இழுப்பு இல்லாதவர்கள் வந்தால், பெரும்பாலும் வேறெங்கும் கிடைக்காத விலைக்கு வருகிறார்கள். அதில் சூதாட்டத்தின் அபாயம் இருக்கிறது. யூட்டா ஜாஸ் 2004-ல் கார்லோஸ் பூசரையும் மெமெட் ஓகூரையும் அப்படி வாங்கியது. இருவரும் பின்னர் ஆல்-ஸ்டார் ஆனார்கள், அணி 2007-ல் மேற்குப் பிரிவு இறுதி வரை போனது. மெம்ஃபிஸ் 2016-ல் சாண்ட்லர் பார்சன்ஸுக்கு நான்காண்டுகளுக்கு 9.4 கோடி டாலர் கொடுத்தது. முழங்கால் காயங்களால் மூன்று பருவங்களில் அவர் ஆடியவை 95 ஆட்டங்கள். சார்லட் 2020-ல் கோர்டன் ஹேவர்டுக்கு 12 கோடி டாலர் ஒப்புக்கொண்டது. அதற்கு இடம் உண்டாக்க நிக்கோலா பத்தூமை விடுவித்து, அவருக்குச் சேர வேண்டிய சுமார் 2.7 கோடியை மூன்றாண்டுகளுக்குப் பிரித்துச் சுமந்தது. ஹேவர்ட் அந்த அணிக்காக எந்தப் பருவத்திலும் 50 ஆட்டங்களுக்கு மேல் ஆடவில்லை. அணி பிளேஆஃப் பக்கமே போகவில்லை. பெரிய ஊர் இப்படித் தவறினால் அடுத்த கோடையில் வேறொருவர் கதவைத் தட்டுவார். சின்ன ஊருக்கு ஒரு தவறு என்பது நான்கு ஆண்டு.

போகிறவர்களின் பட்டியல் இதைவிடப் பழையது. மில்வாக்கிக்கு 1971-ல் கோப்பை வாங்கித்தந்த கரீம் அப்துல்-ஜப்பார், நியூயார்க் அல்லது லாஸ் ஏஞ்சலிஸ் போக வேண்டும் என்று கேட்டு 1975-ல் லேக்கர்ஸுக்குப் போனார். 1996-ல் ஷக்கீல் ஓ'நீல் ஆர்லாண்டோவிலிருந்து அதே லேக்கர்ஸுக்குப் போனார். 2010-ல் லெப்ரான் போனபோது கிளீவ்லாண்டில் அவருடைய சட்டைகளைத் தெருவில் கொளுத்தினார்கள். இந்தக் கோபம் நியாயமற்றது. பத்தொன்பது இருபது வயதில் எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை டிராஃப்ட் தீர்மானிக்கிறது; அதில் ஆட்டக்காரருக்குச் சொல்ல ஒன்றுமில்லை. ஆறேழு ஆண்டுகள் உழைத்த பிறகு முதன்முறையாகத் தானே தேர்ந்தெடுக்கும் உரிமை வருகிறது. அந்த உரிமைக்காகத்தான் ராபர்ட்சனின் தலைமுறை நீதிமன்றப் படியேறியது. அதைப் பயன்படுத்துகிறவரைத் துரோகி என்று சொல்ல எந்த ஊருக்கும் உரிமை கிடையாது. இழப்பின் வலி உண்மையானது என்பதும் அதே அளவு மெய்.

ஓக்லஹோமாவின் வலி 2016-ல் வந்தது. அந்த வசந்தத்தில் தண்டர், 73 ஆட்டங்கள் வென்று சாதனை படைத்திருந்த கோல்டன் ஸ்டேட்டை மேற்கு இறுதியில் 3–1 என்று நெருக்கி, பிறகு தோற்றது. ஜூலை 4 அன்று கெவின் டுரான்ட் அதே கோல்டன் ஸ்டேட்டில் சேர்வதாக அறிவித்தார். ஊர் பெரிதா சிறிதா என்பதைவிட அங்கே ஒரு கணக்கு வேலை செய்தது. புதிய தொலைக்காட்சிப் பணத்தால் சம்பள வரம்பு ஒரே கோடையில் 7 கோடியிலிருந்து 9.41 கோடி டாலராகத் தாவியது. அதைப் படிப்படியாக உயர்த்தலாம் என்று லீக் சொன்னதை ஆட்டக்காரர் சங்கம் ஏற்கவில்லை. அந்தத் தாவல் இல்லாவிட்டால் ஏற்கெனவே மூன்று நட்சத்திரங்கள் இருந்த அணியில் நான்காமவருக்கு இடமே இருந்திருக்காது. இப்போதைய விதிப்படி வரம்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயராது; அப்படியொரு கோடை இனி வராது.

டுரான்ட் போன அடுத்த ஆண்டே, சொந்த அணி மட்டும் தன் நட்சத்திரத்துக்குக் கூடுதலாகக் கொடுக்கலாம் என்ற ‘சூப்பர்மேக்ஸ்’ விதி நடைமுறைக்கு வந்தது. மில்வாக்கியில் யானிஸ் அன்டெட்டோகூன்போ 2020 டிசம்பரில் அதன்படி ஐந்தாண்டுகளுக்கு 22.8 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டார்; அடுத்த கோடையில் இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 50 புள்ளிகள் எடுத்து, ஐம்பதாண்டுக்குப் பின் அந்த ஊருக்குக் கோப்பை கொண்டுவந்தார். நியூ ஆர்லியன்ஸில் அதே விதி தோற்றது. சுமார் 24 கோடி டாலர் காத்திருந்தும், 2019 ஜனவரியில் ஆந்தனி டேவிஸ் தன்னை அனுப்பிவிடும்படி கேட்டார். தோற்றுக்கொண்டே இருக்கும் அணியில் பணம் பிடித்துவைப்பதில்லை.

சின்ன ஊர்களின் உண்மையான கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் தெரிகிறது. பெரிய நட்சத்திரம் சந்தைக்கு வரும் நாளுக்காக அவை காத்திருப்பதில்லை. அவர் ஒப்பந்தத்துக்குள் இருக்கும்போதே பரிமாற்றத்தில் வாங்கி, ஊரையும் அணியையும் பழக்கி, பிறகு தங்கச் சொல்கின்றன. சொந்த அணிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தமும் கூடுதல் ஆண்டு உயர்வும் தரும் சலுகை இருப்பதால் அந்தக் கட்டத்தில் கை ஓங்குகிறது. இண்டியானா 2023 கோடையில் புரூஸ் பிரவுனுக்கு இரண்டாண்டுகளுக்கு 4.5 கோடி டாலர் கொடுத்தது. டென்வர் கோப்பை வென்றபோது மாற்று ஆட்டக்காரராக வந்தவருக்கு அது மிகை என்று பலருக்குத் தோன்றியது. ஆனால் என்பிஏ பரிமாற்றத்தில் இரு பக்கச் சம்பளமும் ஏறத்தாழ ஒத்துப்போக வேண்டும். அதற்குப் பெரிய தொகை கொண்ட ஓர் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் பிரவுனையும் ஜோர்டன் நுவோராவையும் மூன்று முதல்சுற்று டிராஃப்ட் வாய்ப்புகளையும் டொரான்டோவுக்குக் கொடுத்து சியாகமை இண்டியானா வாங்கியது. அந்தக் கோடையில் சியாகம் 18.95 கோடி டாலருக்கு நான்காண்டுகள் தங்க ஒப்புக்கொண்டார். 2025-ல் கிழக்குப் பிரிவு இறுதியின் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்கே. திறந்த சந்தையில் இண்டியானா அவரைத் தேடியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஓக்லஹோமாவின் பாதை இன்னும் சுவையானது. பொது மேலாளர் சாம் பிரெஸ்டி 2017-ல் பால் ஜார்ஜை இண்டியானாவிடமிருந்து வாங்கினார். ஒரே ஆண்டில் ஒப்பந்தம் முடிந்ததும் தெற்குக் கலிஃபோர்னியாக்காரரான ஜார்ஜ் லேக்கர்ஸுக்குப் போவார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தார்கள்; அவர் ஓக்லஹோமாவில் தங்கினார். 2019-ல் லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸ் கவாய் லெனார்டை ஈர்க்க முயன்றது. லெனார்டுக்குத் துணையாக ஜார்ஜ் வேண்டும். ஜார்ஜும் போக விரும்பினார். விலையாகக் கிளிப்பர்ஸ் ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர், டனிலோ கல்லினாரி, ஐந்து முதல்சுற்று வாய்ப்புகள், மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு வாய்ப்பை மாற்றிக்கொள்ளும் உரிமை எல்லாவற்றையும் கொடுத்தது. அந்த வாய்ப்புகளில் ஒன்றுதான் 2022-ல் 12-ஆவதாக எடுக்கப்பட்ட ஜேலன் வில்லியம்ஸ். ஓர் உச்ச நட்சத்திரத்தைச் சந்தையில் ஜெயித்தது பெரிய ஊர். அந்த ஜெயிப்புக்கான கட்டணத்தை வசூலித்தது சின்ன ஊர். லெனார்ட்–ஜார்ஜ் ஜோடி ஒருமுறைகூட இறுதித் தொடரைப் பார்க்கவில்லை. ஷாய் 2025-ல் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரர், இறுதித் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் இரண்டு விருதுகளையும் வாங்கினார்.

இடையில் ஊர் பொறுத்துக்கொண்டது ஏராளம். 2020-21-ல் 22 வெற்றி, அடுத்த பருவத்தில் 24. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோற்றது லீக் வரலாற்றிலேயே மிக மோசமான தோல்வி. நியூயார்க்கிலோ லாஸ் ஏஞ்சலிஸிலோ ஒரு மேலாளர் அந்த இரண்டு ஆண்டுகளைத் தாண்டியிருப்பது கடினம். ஓக்லஹோமாவில் இதைவிட்டால் வேறு பெரிய லீக் அணி இல்லை. 2005-ல் கத்ரீனா புயலால் நியூ ஆர்லியன்ஸ் அணி அங்கே அடைக்கலம் வந்தபோது அரங்கை நிறைத்த ஊர் அது; 2008-ல் சியாட்டிலின் அணியையே நிரந்தரமாகப் பெற்றது. 2023 டிசம்பரில் குறைந்தது 90 கோடி டாலரில் புதிய அரங்கம் கட்ட ஒரு சதவீத விற்பனை வரியை வாக்காளர்களில் ஏறத்தாழ 71 சதவீதத்தினர் ஏற்றார்கள். உரிமையாளர்கள் தருவதாகச் சொன்னது 5 கோடி டாலர். அணியைத் தக்கவைக்கச் சாதாரண மக்கள் இவ்வளவு பெரிய பங்கைச் சுமப்பது சரியா என்ற கேள்வியை அந்த ஊர் இன்னும் உரக்கக் கேட்டிருக்க வேண்டும்.

ஹார்ட்டன்ஸ்டைன் வந்ததும் விதியின் ஒரு விரிசல் வழியாகத்தான். நிக்ஸில் அவர் இரண்டே பருவங்கள் ஆடியிருந்ததால் அவர்களால் நான்காண்டுகளுக்குச் சுமார் 7.25 கோடிக்கு மேல் கொடுக்க முடியாது. ஓக்லஹோமாவில் ஹோம்கிரெனும் வில்லியம்ஸும் புதுமுகச் சம்பளத்தில் இருந்ததால் வரம்புக்குள் இடம் கிடந்தது. ஜெயிக்கும் அணி, கையில் பணம், போட்டியாளரின் கை கட்டப்பட்ட நிலை: மூன்றும் ஒரே கோடையில் கூடின. நல்ல இரண்டாம் தர ஆட்டக்காரரைச் சின்ன ஊர் ஈர்ப்பது இந்தக் கூடலில்தான்.

அந்தச் சந்தையே இப்போது வற்றி வருகிறது. 2023 ஒப்பந்த விதிகள் ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே நீட்டித்துக்கொள்வதை எளிதாக்கின; உச்ச நட்சத்திரங்களில் பெரும்பாலோர் சந்தைக்கு வருவதே இல்லை. அதே விதிகள் செலவு மிகுந்த அணிகளுக்கு இரண்டாவது எல்லைக்கோடு ஒன்றையும் போட்டன. அதைத் தாண்டினால் பரிமாற்றத்தில் பல சம்பளங்களைச் சேர்த்துக் கொடுக்க முடியாது, டிராஃப்ட் வாய்ப்பும் முடங்கும். 2025 கோடையில் பாஸ்டனே அந்தக் கோட்டுக்குக் கீழே வர ஜ்ரூ ஹாலிடேயையும் கிறிஸ்டாப்ஸ் போர்ஸிங்கிஸையும் அனுப்பியது. அதே கோடையில் மில்வாக்கி, காயம்பட்ட டேமியன் லில்லர்டை விடுவித்து, அவருக்குரிய சுமார் 11.3 கோடி டாலரை ஐந்தாண்டுகளுக்குப் பரப்பி, இண்டியானாவிலிருந்து மைல்ஸ் டர்னரைத் தூக்கியது. ஒரு சின்ன ஊர் இன்னொரு சின்ன ஊரின் பத்தாண்டு ஆட்டக்காரரை எடுத்துக்கொண்டது.

ஓக்லஹோமாவின் முறையும் வந்துவிட்டது. 2025 ஜூலையில் ஷாய்க்கு நான்காண்டுகளுக்கு 28.5 கோடி, வில்லியம்ஸுக்கு 28.7 கோடி வரை, ஹோம்கிரெனுக்கு 25 கோடி வரை என மூன்று நீட்டிப்புகளில் பிரெஸ்டி கையெழுத்திட்டார். அவை நடைமுறைக்கு வரும்போது வரம்புக்குள் இடம் எதுவும் மிஞ்சாது. ஹார்ட்டன்ஸ்டைனின் மூன்றாம் ஆண்டுக்கான 2.85 கோடியை ஏற்பதா, விடுவதா என்ற முடிவை ஒப்பந்தம் அணியின் கையிலேயே விட்டிருக்கிறது.